முதல் போட்டவர் கேட்காத கேள்வி

கடை வாசலை மிதிக்குமுன்பே என் செருப்பு நனைந்துவிட்டது.

முந்தின இரவு மழை பெய்யவில்லை. டிராம் தண்டவாளம் காய்ந்து கிடந்தது. பக்கத்து ரொட்டிக் கடைக்கு முன்னாலும் நிலம் வெள்ளையாகத்தான் இருந்தது. என் கடைக் கதவுக்குக் கீழே இருந்து மட்டும் ஒரு கறுப்பு ஈரம் நாக்கு நீட்டினது மாதிரி வெளியே வந்து, நடைபாதையைக் கடந்து, சாக்கடைக் கானுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தெருவுக்குச் சிட்னி ரோட் என்று பெயர். இருப்பது மெல்பனில். வந்த புதிதில் எனக்கு அது பெரிய சிரிப்பு. அன்று காலை சிரிப்பு வரவில்லை.

சாவியைப் போட்டேன். உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சாவி திரும்புமுன்பே எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் இந்த வாரப் பத்தியில் சொல்ல வேண்டும். ஐம்பது வருஷத்துக்குக் கிட்ட ஆகிறது. என் பிள்ளைகளுக்குக்கூட முழுசாகச் சொன்னதில்லை.

நனைந்த புதுத் துணிக்கு ஒரு மணம் உண்டு. கஞ்சியும் சாயமும் சேர்ந்த மணம். கதவைத் திறந்ததும் அது முகத்தில் அடித்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டைகள். வெள்ளை உடம்பு, மெரூன் கொலர். வெட்டிக் கட்டுக் கட்டாகத் தந்திருந்தார்கள். நாங்கள் தைத்துக் கொடுக்க வேண்டும். மேசையில் இடம் இல்லாமல் சுவரோரம் நிலத்தில் அடுக்கி வைத்திருந்தேன். அடிக்கட்டுகள் தண்ணீரைக் குடித்து மேலே ஏற்றியிருந்தன. மெரூன் சாயம் இறங்கி, வெள்ளையெல்லாம் வெற்றிலை துப்பினது மாதிரி.

பின்பக்கம் ஓடினேன். தொட்டிக் குழாயிலிருந்து பென்சில் மொத்தத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியின் ஓட்டையில் ஒரு துணித்துண்டு ஒட்டிக் கிடந்தது. துண்டை எடுத்தேன். குழாயைப் பூட்டினேன். அது பழைய குழாய். பூட்டினதற்கு மேல் ஒரு திருகு, சீலையால் பிடித்துத் திருக வேண்டும். திருகினேன். நின்றது.

அதன் பிறகுதான் ஸெய்னப் வந்தாள். என்னிடம் தைத்த துருக்கிப் பிள்ளை. அவர்கள் பாஷையில் அக்காவுக்கு அப்லா.

“அப்லா! அப்லா!” என்று இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் வந்தபோது குழாய் பூட்டிக் கிடந்தது. அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேங்கு மனேஜரின் பேரம்

அந்தக் கடை எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன்.

நான் காத்தான்குடிப் பக்கத்துப் பெண். என் வீட்டுக்காரர், இவருக்குக் கார் செய்கிற ஃபெக்டரியில் வேலை கிடைத்து இந்த நாட்டுக்கு வந்தோம். நான் வீட்டில் இருந்து கூலிக்குத் தைத்தேன். ஒரு சட்டைக்கு இவ்வளவு என்று எண்ணித் தருவார்கள். இடையில் ஒரு தரகன் வந்து அதில் பாதியைக் கடித்துக்கொண்டு போவான். அந்தத் தரகன் இல்லாமல் சொந்தமாக நாலு மெசின் போட வேண்டும், நாலு பெண்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

இவர் என்னை பேங்குக்குக் கூட்டிப்போனார். நான் சொல்வதை இவர் இங்கிலீசில் சொல்வார்.

“வட்டி இல்லாமல் தருவாரா என்று கேளுங்க” என்றேன். வட்டி எங்கள் மார்க்கத்தில் ஆகாது.

மனேஜர், நான் வட்டியைக் குறைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். ஒரு அட்டையை எடுத்து ஓர் இலக்கத்தில் விரல் வைத்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கொஞ்சம் கீழே விரல் வைத்தார். அதற்கும் ஆட்டினேன். கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “உன் மனைவி நல்ல வியாபாரி” என்றாராம். குறைத்தாலும் என் பேருக்குத் தர முடியாதாம். கல்யாணம் முடித்த பெண்ணுக்குப் புருஷன் பேரில்தானாம்.

“எழும்புங்க மச்சான்” என்றேன். “அவருக்கு நான் வேணாம். எனக்கு அவருட வட்டி வேணாம். சரியாப் போச்சு.”

இப்போது வட்டியில்லாமல் வீடு எடுக்கலாம், கடை போடலாம் என்று கந்தோர், அதுதான் ஆபீஸ், வைத்திருக்கிறார்கள். என் மகளின் மகன் டார்னெய்ட்டில் அப்படித்தான் வீடு எடுத்தான். கோட்டுப் போட்ட ஒருவர் வந்து முப்பது பக்கம் கடதாசி வாசித்தார். எங்கள் காலத்தில் அந்தக் கோட்டும் இல்லை, கந்தோரும் இல்லை. எங்கள் கடதாசி அரைப் பக்கம்.

அரைப் பக்கக் கடதாசி

சிவலிங்கம் தம்பியையும் அவர் மனைவி ராணியையும் விக்டோரியா மார்க்கெட்டில் கண்டோம். யாரோ முருங்கைக்காய் இல்லாத ஊரை ஏசுகிற சத்தம் கேட்டு, தமிழ்ச் சத்தமாக இருக்கிறதே என்று திரும்பினால், ராணி. யாழ்ப்பாணத்தார். தம்பி ஓர் அக்கவுண்டன். ராணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்தார்கள். கிளேட்டனில் வீடு வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பிக்கு என் தையலும் தெரியும், என் வாயும் தெரியும். ஒரு நாள் அவராகவே சொன்னார்:

“அக்கா, நான் கொஞ்சக் காசு கடனாய்த் தாறன். வட்டி வேண்டாம்.”

“கடன் வேணாம் தம்பி. பங்குக்கு வாங்க. முதல் ஒங்கட, உழைப்பு என்ட. லாபத்தில பாதி பாதி.”

“நட்டம் வந்தால்?”

“ஒங்கட முதல் போகும், என்ட உழைப்புப் போகும். என்னட்டக் கேக்கப்படாது.”

அவர் சிரித்தார். “நல்ல பகிடி! நான் படிச்ச கணக்கிலை இப்பிடி ஒரு பாடம் இல்லையே.”

“என்ட கவலையீனத்தால, நான் கவனிக்காம விட்டு நட்டம் வந்தா மட்டும் முழுக்க நான் தருவன்.”

“நீங்கள் கவலையீனமோ இல்லையோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“நான் சொல்லுவன்” என்றேன்.

எவ்வளவு திமிர் பாருங்கள். நான் சொல்லுவன்!

கடதாசியை நான்தான் எழுதினேன். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. குர்ஆன் ஓதும் பள்ளியில் அலிஃப், பே படித்தேன். அந்த அரபு எழுத்தில் தமிழை எழுதுவது எங்கள் பெண்களின் வழக்கம். கலியாணச் சாமான் பட்டியலிலிருந்து புருஷனுக்குக் கடிதம் வரை அதில்தான். தமிழ் எழுத்து கூட்டிப் பழகியது இந்த நாட்டுக்கு வந்து, கனகாலம் கழித்து.

வலமிருந்து இடமாக எழுதி, வாசித்துக் காட்டினேன். இரண்டு பிரதி. அக்கவுண்டன், பெரிய படிப்புக்காரர், தனக்கு ஓர் எழுத்தும் விளங்காத கடதாசியின் கீழே பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார். ராணி குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

வாப்பாவிடம் கேட்டது

இந்தப் பங்கு முறை என் தலையில் முளைத்ததல்ல. கிதாபில், மார்க்கப் புத்தகத்தில், இருக்கிறது. வாப்பா அப்படித்தான் வியாபாரம் செய்தார். ஏறாவூர் ஹாஜியார் ஒருவர் முதல் போடுவார். வாப்பா துணி மூட்டையோடு ஊர் ஊராகப் போவார். நட்டம் என்று வந்து நின்றால் ஹாஜியார் தண்ணீர் குடிக்கக் கொடுத்துவிட்டு மூன்றே கேள்வி கேட்பார்.

ஒறங்கினாயா? சொன்ன ஊரைத் தாண்டிப் போனாயா? கண்ணால் கண்டும் காதால் கேட்டும் விட்டாயா?

மூன்றுக்கும் இல்லை என்றால் நட்டம் ஹாஜியாருடையது. வேறு சாட்சி கேட்க மாட்டார். வாப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லியிருக்கவும் கூடும்; எனக்கு எப்படித் தெரியும்?

அந்த மூன்று கேள்வியை நான் கடதாசியில் எழுதவில்லை. எழுதுவது எனக்குக் குறைச்சல் என்று நினைத்தேன்.

முந்தின மாலை

கடை நனைந்ததற்கு முந்தின மாலை, நோன்பு காலம். சூரியன் இறங்க இன்னும் கொஞ்ச நேரம். மற்றப் பெண்கள் போய்விட்டார்கள். நான் மஃரிப் தொழுகைக்கு ஒளு எடுக்கப் பின்தொட்டிக்குப் போனேன். கை, வாய், முகம் கழுவி, தொட்டி விளிம்பில் கால் தூக்கிக் கழுவிக்கொண்டிருக்கும்போது வெளியே காரில் இவர் ஹோர்ன் அடித்தார். வீட்டுக்குப் போய் நோன்பு திறக்க வேண்டும். இவருக்குப் பசி வந்தால் ஹோர்ன்தான் பேசும்.

குழாயைப் பூட்டினேன். மேலதிகத் திருகைத் திருகவில்லை. ஈரம் துடைத்த துண்டு தொட்டிக்குள் விழுந்ததையும் பார்க்கவில்லை.

ஆனால் முன்கதவைப் பூட்டும்போது தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

கேட்டது. மெல்லிய சத்தம், தகரத்தில் அரிசி கொட்டினது மாதிரி. சாவி பாதி திரும்பி நின்றது. நாளைக்குப் பார்ப்போம் என்று முழுதாகத் திருப்பிவிட்டுப் போய்க் காரில் ஏறினேன். நோன்பு திறக்கிற ஈத்தம்பழத்தை இவர் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

பைப்புக்காரன் சொன்னது

கட்டடக்காரர் ஒரு பைப்புக்காரனை அனுப்பினார். அவன் குழாயைக் கழற்றி, உள்ளேயிருந்த ரப்பர் வளையத்தை விரலில் எடுத்துக் காட்டினான். புழு தின்ற அவரைக்காய் மாதிரி இருந்தது. பூட்டின குழாய்தான், வளையம் தேய்ந்ததால் தானாக ஓடியிருக்கிறது என்றான். செய்தி கேட்டு வந்திருந்த தம்பி அதைத் தமிழில் எனக்குச் சொன்னார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

துணி தந்த முதலாளி வந்து ஒரு சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே போட்டார். துணியின் விலை திங்கட்கிழமை காலை தன் மேசையில் இருக்க வேண்டும் என்றார். இல்லாவிட்டால் இனி வேலை இல்லை.

கடையின் கைக்காசு அதற்குப் போதாது. மெசின்களை விற்றுக் கடையை மூட வேண்டும்; அல்லது தம்பி இன்னும் முதல் போட வேண்டும்.

“நீங்கள் யோசியாதேங்கோ அக்கா” என்றார் தம்பி. “கவலையீனமில்லாத நட்டம் என்ர தலையிலை எண்டுதானே ஒப்பந்தம்? வீட்டுக் காசு கிடக்கு. திங்கள் நானே செக் கொண்டுபோய்க் குடுக்கிறன். கடை நிக்கக் கூடாது.”

ராணி அவருக்குப் பின்னால் நின்றாள். வயிற்றில் ஆறு மாதம்.

“நல்ல பங்கு!” என்றாள். “லாபத்திலை பாதி, நட்டத்திலை முழுசு. இஞ்ச ஆரும் என்னட்டைக் கேட்டவையோ?”

“ராணி, பேசாம இரும்.”

“மூண்டு மாடி ஏறுறது நானப்பா. நீங்களே?”

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. நான் நிலத்தைப் பார்த்தேன். நிலம் இன்னும் ஈரமாக இருந்தது.

வீட்டில்

வியாழன், வெள்ளி, சனி. நோன்பு பிடித்தேன், தொழுதேன். ஒளு எடுக்கும்போதெல்லாம் குழாய் என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. சனி மாலை கஞ்சி காய்ச்சிக்கொண்டே இவரிடம் சொன்னேன்.

இவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“வேற ஆருக்கும் தெரியுமா?”

“இல்ல.”

“அப்ப என்னத்துக்குப் போய்ச் சொல்லணும்? பைப்புக்காரன் சொல்லித்தானே இரிக்கான், ரப்பர் தேஞ்சதெண்டு. அல்லாஹ் ஒன்ட மானத்த மூடி வெச்சிரிக்கான். அத நீயே தொறக்கப் போறியா?”

“மூடினது அல்லாஹ் இல்ல மச்சான். விடியப் போய் மூடினது நான்.”

“கடை போயிடும் புள்ள. ஒன்ட கடை.”

“ஓம்.”

“நாலு பொம்புளைகளுக்கும் வேல போயிடும். அவங்கட பாவம் ஆருக்கு?”

அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அதையே குடித்தோம்.

மூன்றாம் மாடி

ஞாயிறு காலை டிராமில் தனியாகப் போனேன். இவர் வரவில்லை. கட்டட வாசலில் ராணி மார்க்கெட் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். பையை வாங்கிக்கொண்டேன். தரமாட்டேன் என்று இழுத்தாள், பிறகு விட்டாள். முழுப் படியும் ஏறினோம்.

மேசையில் செக் புத்தகம் இருந்தது.

“தேத்தண்ணி…” என்று தொடங்கின தம்பி, “ஓ, நோன்பெல்லே” என்று நிறுத்திக்கொண்டார். “இருங்கோ அக்கா.”

கதிரையில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு கதை வந்துவிடும்.

“தம்பி, நட்டம் வந்தா மொதல் போட்டவரு மூணு கேள்வி கேக்கணும். நீங்க கேக்கல்ல. ஒங்களுக்குக் கேக்கத் தெரியா. நான் சொல்லித் தரவுமில்ல.”

“என்ன கேள்வி?”

“ஒறங்கினாயா எண்டு. இல்ல. சொன்ன ஊரத் தாண்டிப் போனாயா எண்டு. அதுவும் இல்ல.” மூன்றாவது விரலை மடக்கினேன். “கண்ணால கண்டும் காதால கேட்டும் விட்டாயா எண்டு. ஓம் தம்பி. கேட்டன். சாவியத் திருப்பக்குள்ள தண்ணிச் சத்தம் கேட்டிச்சு. நாளைக்குப் பாப்பமெண்டு போயிட்டன். விடிய வந்து நானே பூட்டினன். பொறகுதான் பைப்புக்காரன் வந்தான்.”

கீழே தெருவில் ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு போனது.

ராணிதான் முதலில் வாயைத் திறந்தாள். “புதன்கிழமையிலை இருந்து தெரியுமோ உங்களுக்கு?”

“ஓம்.”

“இந்த மனுசன் நாலு நாளாய் நித்திரை கொள்ளேல்லை. நான் இவரோடை கதைக்கேல்லை. நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்.”

“ஓம்.”

“பிறகென்னத்துக்கு இப்ப வந்தனீங்கள்?”

“நான் சொல்லுவன் எண்டு சொன்னனான்தானே” என்றேன்.

தம்பி எழும்பிப் போய் மேசை லாச்சியைத் திறந்து அந்தக் கடதாசியை எடுத்து வந்தார்.

“எந்த வரியிலை இருக்கு அது?”

விரல் வைத்துக் காட்டினேன். அந்த வரியையே கனநேரம் பார்த்தார்.

“இதை நீங்கள் எப்பிடி வாசிச்சிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிராது” என்றார். “போன மாசம் நானே ராணிக்கு இதை வாசிச்சுக் காட்டுறன் எண்டு எடுத்தனான். பிறகு பாத்தால் தலைகீழாய்ப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்.”

ராணிக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். செக் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனாள்.

கொடுத்த விலை

நாலு மெசினில் இரண்டை விற்றேன். அந்தக் காசோடு, துணி முதலாளிக்கு நானே சில மாதம் கூலியில்லாமல் தைத்துக் கணக்கைத் தீர்த்தேன். விற்ற இரண்டு மெசினும் தம்பியின் முதல். அதை அவருக்கு நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு சதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இரண்டு பெண்களை நிறுத்த வேண்டி வந்தது. ஒருத்தி ஸெய்னப். கோழி வெட்டுகிற ஃபெக்டரிக்குப் போனாள். போகும்போது, “ஏன் சொன்னாய் அப்லா? ஒருவரும் கேட்கவில்லையே” என்றாள். அவள் கைவிரல்கள் அந்தக் குளிரில் வெடித்துப் போனதை ஒரு பெருநாளன்று பார்த்தேன். உண்மை சொன்னதற்கு நான் மட்டும் விலை கொடுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இவர் பெருநாள் வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. பெருநாளன்று காலை ஒரு புது ரப்பர் வளையம் வாங்கி வந்து, கட்டடக்காரரைக் கேளாமல், கடைக் குழாயில் தானே மாட்டினார். அவருக்கு மன்னிப்புக் கேட்கவும் கொடுக்கவும் அப்படித்தான் தெரியும்.

ராணி குழந்தை பெறுமுன்பே கிளேட்டனில் வீடு எடுத்துவிட்டார்கள். பேங்கு வட்டிக்குத்தான். அது அவர்கள் பாடு.

கடைசிக் காசைக் கொடுக்க நான் அந்த வீட்டுக்குப் போனபோது குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தது. தம்பி எண்ணாமல் வாங்கி வைத்துவிட்டு, கடதாசியைக் கிழிக்கப் போனார்.

“பொறுங்கோ” என்றாள் ராணி.

உள்ளே போய் ஓர் உறையோடு வந்து என் முன்னால் வைத்தாள்.

“இது இவர்ர காசில்லை. நான் நைட் டியூட்டி செய்து சேர்த்தது. ரெண்டு மெசின் திரும்ப வாங்குங்கோ, அந்தத் துருக்கிப் பிள்ளையைக் கூப்பிடுங்கோ. லாபத்திலை பாதி எனக்கு. எழுதுங்கோ.”

உறையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“இந்த முறை தமிழிலை எழுத ஆரையும் பிடிப்பமே?” என்றார் தம்பி. “எங்களுக்கும் வாசிக்கலாம்.”

“வேண்டாம்” என்றாள் ராணி. “வாசிக்கத் தெரிஞ்சால் நான் அக்காவை விட்டிட்டுக் கடதாசியை நம்பிப் போடுவன்.”

நான் பேனையை எடுத்து, வலப்பக்கத்தில் தொடங்கினேன். அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“அந்தக் கேள்வியளையும் எழுதுங்கோ அக்கா. முதல் ரெண்டும் எனக்கு மறந்து போச்சு. மூண்டாவது ஞாபகம் இருக்கு.”